உடனிருந்து கேட்டவர்

இசையை விரும்பும் உள்ளம் உடையார் உலகிற் பலர். தாம் கேட்கும் இசையைத் தம்மோடு ஒருங்கிருந்து கேட்பதற்கு ஒரு நண்பரைப் பெற்றவரோ மிகச் சிலர். யான் அச்சிலருள் ஒருவனாய் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தேன். இப்பொழுது அப்பேற்றை இழந்து நிற்கின்றேன். பழைய மாணவன் என்னும் முறையில் நம் கல்லூரி மலருக்கு யாதேனும் எழுதியனுப்புக என்று ஆசிரியர் பணித்தபோது, வேறொரு பொருளில் மனம் செல்ல மறுத்தது. ஆதலின் அந்நண்பரைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அவர் தம் பெயரை அச்சிற் காண்பதை ஒருபோதும் விரும்பாதவர். எனவே பெயர் கூறாமலே அவரை அறிமுகப்படுத்துகின்றேன். மாணவ அன்பர்கள் பொறுத்தருள்க.

எனது ஊர் கள்ளக்குறிச்சி. அவருடையது, கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆறு சமநிலத்தை அடையும் பக்கத்தில், மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூர். யாங்கள் இருவரும் 1971ஆம் ஆண்டில் நம் கல்லூரியிற் சேர்ந்தபொழுது எம் பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1993இல் அது விழுப்புரம் மாவட்டத்தின் பாற்பட்டது. 2019இல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமாயிற்று. மாவட்டங்கள் மூன்று மாறியும் எம் நட்பு மாறியதில்லை என்று அவர் நகைத்துக் கூறுவதுண்டு.

விடுதியிற் சேர்ந்த முதல் வாரத்தில், ஒருநாள் மாலை, தாழ்வாரத்தில் நின்று கரகரப்பிரியா இராகத்தை முணுமுணுத்துக் கொண்டிருந்தேன். அடுத்த அறையில் எவரோ தகரப் பெட்டியின்மேல் விரல்களால் தாளமிடும் ஓசை எழுந்தது. யான் நிறுத்தினேன், அதுவும் நின்றது. மீண்டும் தொடங்கினேன், அதுவும் தொடங்கிற்று. எட்டிப் பார்த்தேன். கறுத்து மெலிந்த ஓர் இளைஞர், பெட்டியைத் தொடைமீது சாய்த்து வைத்துக்கொண்டு, "ஏன் நிறுத்துகின்றாய்?" என்றார். எம் நட்பின் தொடக்கம் அதுவே.

நட்புத் தொடங்கிய மறுநாளே பூசலும் தொடங்கிற்று. யான் வானொலியின் வாயிலாகக் கருநாடக இசையைக் கேட்டு வளர்ந்தவன். அவருடைய தந்தையாரோ பகலில் உழுது, இரவில் தெருக்கூத்திற் பின்பாட்டுப் பாடியவர். "கூத்தில் இருப்பது கூச்சலேயன்றி இசையன்று" என்றேன் யான். "மின்விசிறியின் கீழ் அமர்ந்து, அடுத்தவன் தலையசைக்கின்றானா என்று பார்த்துத் தானும் அசைப்பதோ இசை?" என்றார் அவர். மூன்று நாள் பேசாதிருந்து, நான்காம் நாள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். அவர் என்னோடு ஒருமுறை சபைக் கச்சேரிக்கு வருதல் வேண்டும். யான் அவரோடு ஒருமுறை கூத்துக்குச் செல்லுதல் வேண்டும். இடையில் எழுந்து போதல் கூடாது. கேட்டு முடித்துப் பாதி வழி கடக்கும்வரை ஒருவரும் வாய் திறத்தல் கூடாது. இவ்வுடன்படிக்கையின் பின்பாதியை யாங்கள் இறுதிவரை மீறவில்லை.

அவ்வாண்டு மார்கழியில் மின்சார ரயிலேறி ஒரு சபைக்குச் சென்றோம். அன்று பாடியவர் எம். டி. இராமநாதன். டைகர் வரதாச்சாரியாரின் மாணாக்கராகிய அவர், மிகத் தாழ்ந்த சுருதியில், விரைவென்பதே அறியாதவர்போல் நிறுத்தி நிறுத்திப் பாடுவார். அவ்விளம்ப காலத்தைப் பொறாது எழுந்து போவோரும் உண்டு. அதற்காகவே தேடி வருவோரும் உண்டு. என் நண்பர் கண்மூடி இறுதிவரை அசையாமல் இருந்தார். ரயில் நிலையத்துக்குப் பாதி வழி நடந்தபின், "இவர் மலையேறத் தெரிந்தவர். ஓடுகிறவன் பாதி மலையில் உட்கார்ந்து விடுவான், இவர் மூச்சு வாங்காமல் உச்சிக்குப் போய்விட்டார்" என்று மட்டும் கூறினார். யான் பல நூல்களிற் படித்தும் விளங்கிக்கொள்ளாத விளம்ப காலத்தின் இயல்பு அவ்வொரு சொல்லில் விளங்கிற்று. 1984இல் அப்பாடகர் மறைந்த செய்தி வந்தபோது, மலையிலிருந்து இறங்கி என் வீட்டுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் ஒரு பகல் முழுதும் என்னுடன் இருந்து சென்றார்.

அடுத்த சித்திரை விடுமுறையில் என் முறை வந்தது. அவர் ஊருக்கு அண்மையில் திரௌபதியம்மன் திருவிழா. பகலெல்லாம் பாரதப் பிரசங்கியார் ஆர்மோனியம் வைத்து வில்லிபாரதம் பாடிப் பொருள் சொன்னார். இரவு பத்து மணிக்குமேல் மத்தளம் முழங்கக் களரி கட்டினர். முகவீணையும் தாளமும் ஆர்மோனியமும் ஒருங்கே எழுந்தன. கட்டியக்காரன் வந்து நகைப்பூட்டிச் சென்றான். இருவர் பிடித்த திரைக்குப் பின்னே நின்று, முகம் காட்டாமல், கர்ணன் தன் வரவைப் பாடினான். திரை விலகியபோது, கலியாண முருங்கை மரத்திற் செய்து கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் விளக்கொளியில் மின்ன, ஓர் அரசன் நின்றான். காலையில் அவனை யான் கண்டிருந்தேன். வரப்பில் புல்லறுத்துக் கொண்டிருந்தவன் அவன். ஒலிபெருக்கியின்றி, திறந்த வெளியில், கடைசி வரிசையில் உறங்கும் குழந்தையும் விழிக்கும் வண்ணம் அவன் பாடினான். பொன்னுருவியிடம் விடைபெற்றுப் போருக்குச் செல்லும் இடத்தில் என் கண்ணில் நீர் பெருகிற்று. விடியுமுன் குந்திதேவி வந்தாள். உயிரோடிருந்த காலத்தில் மகனென்று ஊரறியச் சொல்லாதவள், அம்பு தைத்து வீழ்ந்தபின் அவன் தலையை மடியில் ஏந்திப் புலம்பினாள். அன்று முதல் "கூச்சல்" என்னும் சொல்லை யான் கூத்துக்கு வழங்கியதில்லை.

கல்லூரி வாழ்வு முடிந்தது. யான் அரசாங்க அலுவலில் அமர்ந்து, பல ஊர் சுற்றிக் கள்ளக்குறிச்சிக்கே திரும்பினேன். அவர் விரும்பிக் கல்வராயன் மலைமேற் பள்ளி ஆசிரியரானார். அக்காலத்தில் அம்மலை வாழ்வு இன்று போன்றதன்று. ஜாகீர்தார்களின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்த அம்மலையூர்கள், 1976இல் அம்முறை ஒழிந்தபின்னரே பிற ஊர்களைப்போல் அரசின் நேர் ஆளுகைக்கு வந்தன. சாமையும் தினையும் விளைத்து, கடுக்காயும் புளியும் தேனும் கொண்டு இறங்கி விற்று வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகளுக்கு அவர் எழுத்தறிவித்தார். அவர்களிடமிருந்து மேளம் கொட்டக் கற்றுக்கொண்டார். "யான் கொடுத்தது குறைவு, வாங்கியது மிகுதி" என்பார்.

சனிக்கிழமைகளில் யான் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்தேறுவேன். அன்றேல் அவர் இறங்கி வருவார். எங்கெங்கோ சென்று கேட்டோம். மேற்கே, கல்வராயனுக்கு அப்பால், இராசிபுரத்தை அடுத்த நாமகிரிப்பேட்டையில் தோன்றி 2001இல் மறைந்த நாதசுர மேதை கிருஷ்ணனின் வாசிப்பை, ஒரு திருவிழாவில் தேர்நிலைத் தூணிற் சாய்ந்தவாறு கேட்டோம். திருக்கோவலூர்த் தபோவனத்தில் விடியவிடிய நாம சங்கீர்த்தனம் கேட்டோம். சித்திரை முழுநிலவில் கூவாகத்துக்கும் சென்றோம். அரவானுக்கு மணந்து ஓரிரவு வாழ்ந்த திருநங்கையர், மறுநாள் தாலி அறுத்து மார்பிலறைந்து அழும் பெரும்புலம்பலைக் கேட்டபின், பாதி வழி கடந்து அவர் சொன்னது இது: "எல்லாப் பாட்டும் கேட்பவனுக்காகப் பாடுவது. ஒப்பாரி ஒன்றுதான், யாரைப் பாடுகிறோமோ அவன் கேட்கமாட்டான் என்று தெரிந்தே பாடுவது." அச்சொல்லின் முழுப்பொருளை யான் அன்று உணரவில்லை.

2015ஆம் ஆண்டளவில் அவர் செவி மங்கத் தொடங்கிற்று. முதுமையிற் செவிப்புலன் குன்றுங்கால் உயர்ந்த சுருதிகளே முதலிற் கைவிட்டுப் போகின்றன. உட்செவியில் நத்தையோடு போற் சுருண்ட உறுப்பு ஒன்று உளது. அதன் வாயிலை அடுத்த நுண்ணிய மயிரணுக்களே உயர்ந்த ஒலிகளை ஏற்பன. அவையே முதலில் அழிவன. அழிந்தபின் மீண்டும் முளையா. இம்முறைப்படியே முதலில் முகவீணை அவரை விட்டுப் போயிற்று. பின்னர்த் தாளத்தின் கிண்ணென்னும் ஒலி போயிற்று. அதன்பின் பாட்டின் சொற்கள் போயின. மத்தளத்தின் இடப்பக்கமாகிய தொப்பியின் ஆழ்ந்த ஓசை மட்டும் எஞ்சிற்று. செவிக்கருவி வாங்கினார். அக்கருவி பேச்சுக்கென்று அமைந்தது. இசையை அஃது இரைச்சலாக்கிற்று. "வீட்டில் பேரன் பேசுவது கேட்கிறது, அது போதும்" என்று கூறி, கச்சேரிக்குச் செல்லும்போது அதைக் கழற்றிப் பையில் இட்டுக்கொள்வார். "எனக்கு இனி எல்லாப் பாட்டும் ஒப்பாரிதான், பாடுகிறவன் பாடுகிறான், கேட்க வேண்டியவன் கேட்கவில்லை" என்று ஒருநாள் சிரித்தார். யானும் உடன் சிரித்தேன்.

இனி என் பிழையைச் சொல்லுதல் வேண்டும். செவி மங்கியவர்க்குத் தம் குரலின் அளவு தெரியாது. 2022 டிசம்பரில் எம் ஊர்க் கலியாண மண்டபம் ஒன்றில் நடந்த கச்சேரியில், மெல்லிய ஆலாபனை ஒன்றின் நடுவே, "என்ன இராகம்?" என்று அவர் உரக்கக் கேட்டார். முன்வரிசையினர் திரும்பினர். பாடிய பெண்மணியும் ஒருகணம் கண் திறந்து நோக்கினார். யான் நாணத்தால், "சும்மா இரு" என்று அவர் கையை அழுத்தினேன். சொல்லை அவர் கேட்டிருக்க இயலாது; அழுத்தத்தை உணர்ந்திருப்பார். அதன்பின் அன்றிரவு அவர் எதுவும் கேட்கவில்லை.

2023 மே மாதத்தில் அவ்வடிவாரத்துத் திரௌபதியம்மன் திருவிழா வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குமுன் அவர் என்னை முதன்முதல் அழைத்துச் சென்ற அதே திடல். அதே கர்ண மோட்சம். யான் அவருக்குத் தெரிவியாமல் தனியே சென்றேன். அவருக்குச் சிரமம் வேண்டாம் என்பதற்காகவே அங்ஙனம் செய்ததாக எனக்கு யானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்பதைச் செல்லும் வழியிலேயே அறிந்திருந்தேன். இரவெல்லாம் அமைதியாகக் கேட்டேன். இடையே கேள்வி கேட்பார் ஒருவரும் இலர். விடிந்தபின் பாதி வழி கடந்து பேசத் திரும்பினேன். பக்கத்தில் ஒருவரும் இலர்.

என்னை அங்குக் கண்ட அவருடைய பழைய மாணாக்கர் ஒருவர், நல்லெண்ணத்துடனேயே அவரிடம் கூறிவிட்டார். மறுநாள் மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். யான் தலைகுனிந்து நின்றேன். அவர் நாற்காலியை மேசையருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "கர்ணன் எப்படி?" என்று கேட்டார்.

சிறு பலகையில் எழுதிக் காட்டத் தொடங்கினேன். அதை விலக்கிவிட்டு, தம் இரு உள்ளங்கைகளையும் மேசைமேற் பரப்பி வைத்தார். எனக்கு விளங்கிற்று. மத்தளம் முழங்கிய முறையை மேசைமேற் கொட்டிக் காட்டினேன். மரத்தின் அதிர்வு அவர் கைக்குச் சென்றது. வலச் செவியில் சற்றே கேள்வி இருந்தமையின் அதனருகில் வாய்வைத்து, இன்ன இடத்தில் கர்ணன் இப்படி நின்றான், பொன்னுருவி இங்ஙனம் முகம் திருப்பினாள், கட்டியக்காரன் இன்னது சொல்லி நகைப்பித்தான் என்று நிரலே கூறினேன். குந்தியின் புலம்பலை என் கிழக்குரலிற் பாடியும் காட்டினேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. அவர் கண்மூடியவாறே இருந்து, "நன்றாயிருந்தது. அடுத்த ஆண்டும் நீ போய் வா, வந்து சொல்" என்றார்.

"நீயும் வா" என்று யான் சொல்லியிருத்தல் வேண்டும். சொல்லவில்லை. அடுத்த ஆண்டு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவ்வாண்டு ஆகஸ்டில், மூன்றே நாள் நோயுற்று, அவர் காலமானார். அவர் வீட்டு முற்றத்தில் மகளிர் கூடி ஒப்பாரி பாடினர். மலையிலிருந்து அவர் மாணாக்கர்கள் மேளத்துடன் இறங்கி வந்து கொட்டினர். யாரைப் பாடினரோ அவர் கேட்கவில்லை.

இத்தகைய பிரிவு புதியதன்று. தமிழ் இசைக்காக ஒருங்கு நின்ற இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரும் 'கல்கி' கிருஷ்ணமூர்த்தியும் நெருங்கிய நண்பர். 1954 பிப்ரவரியில் முதலியார் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே கல்கியும் மறைந்தார். ஆயினும் என் துயருக்கு அண்மையானதோர் எடுத்துக்காட்டு எம் மாவட்டத்திலேயே உளது. திருக்கோவலூரில், பெண்ணையாற்றின் நடுவே, கபிலர் குன்று எனப்படும் பாறை ஒன்று நிற்கின்றது. பறம்பின் தலைவனாகிய பாரியும் புலவர் கபிலரும் கொண்ட நட்பு யாவரும் அறிந்தது. வாளால் வெல்லற்கரிய பாரியிடம், சிறிய யாழை மீட்டி, விறலியர் உடன்வரப் பாடியாடிச் சென்றால் நாட்டையும் மலையையும் அவனே தந்துவிடுவான் என்று, முற்றுகையிட்ட வேந்தர்க்குக் கபிலர் கூறியதாகப் புறநானூறு கூறும். பாணர்க்கு அத்துணை எளியவன் அவன். அவன் மாய்ந்தபின், அவன் மகளிர்க்குச் செய்ய வேண்டிய கடமையை முடித்துவிட்டு, கபிலர் பெண்ணையாற்றில் உயிர் நீத்தார். வடக்கிருந்தார் என்பது புறநானூற்றுக் குறிப்பு. தீப்புகுந்தார் என்பது, அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு.

அவர் மறைந்த சில மாதங்களின்பின் யான் அப்பாறையைக் காணச் சென்றேன். ஆற்றில் நீர் மிகுதியில்லை. கரையில் அமர்ந்து நெடுநேரம் எண்ணினேன். தம்மையும் உடன் அழைத்துச் செல்லாமல் 'இருந்து வருக' என்று பாரி தடுத்துவிட்டான் என்பது கபிலரின் மனக்குறை. ஏன் தடுத்தான்? அவன் மகளிரைக் காப்பதற்காக என்பர் சிலர். அஃது உண்மையே ஆகலாம். எனினும், இருந்தவர் ஒருவர் சொன்னமையாலன்றோ மாய்ந்தவனை நாம் அறிகின்றோம்? பறம்பு போயிற்று, பாரியின் பாணர் மீட்டிய யாழும் போயிற்று, கபிலர் சொன்ன சொல் நிற்கின்றது. "நீ போய் வா, வந்து சொல்" என்று என் நண்பர் பணித்ததும் ஏறக்குறைய இதுவே என்று எனக்குத் தோன்றிற்று.

2024இல் அத்திடலுக்கு மீண்டும் சென்றேன். சாக்கை விரித்து, வழக்கம்போல் இருவர்க்கு இடம் விட்டு அமர்ந்தேன். நள்ளிரவுக்குமேல் ஓர் இளைஞன் வந்து, "தாத்தா, இங்கே உட்காரலாமா?" என்றான். உட்காரச் சொன்னேன். சற்று நேரம் கழித்து, "இந்த அம்மா ஏன் இவ்வளவு அழுகிறார்கள்?" என்று உரக்கவே கேட்டான். முன்னிருந்தோர் திரும்பினர். யான் அவன் செவியருகிற் குனிந்து, அவள் குந்தி என்றும், அவன் அவளுடைய மூத்த மகன் என்றும், அதைச் சொல்ல வேண்டிய காலத்தில் அவள் சொல்லவில்லை என்றும் விளக்கினேன். அவன் விடியும்வரை இருந்து கேட்டான். இவ்வளவையும் யாரிடம் வந்து சொல்ல வேண்டுமோ அவர் இல்லாமையால், இம்மலரின் வாயிலாக உங்களிடம் சொல்கின்றேன்.

மாணவ அன்பர்களே, விடுதியில் அடுத்த அறையில் தகரப் பெட்டியில் தாளமிடுவார் ஒருவர் உங்களுக்கும் இருத்தல் கூடும். அவரோடு நன்றாகப் பூசலிடுங்கள். அவர் விரும்பும் இசையை ஒருமுறையேனும் அவர் பக்கத்தில் இருந்து கேளுங்கள். பின்னாளில் அவர் செவி மங்குமாயின், அவர் உரக்கக் கேட்கும் கேள்விக்கு நாணாதீர்கள். விடை சொல்லுங்கள், முன்வரிசையினர் திரும்பினால் திரும்பட்டும். "நீயும் வா" என்று அழைப்பதை அடுத்த ஆண்டுக்கென்று ஒத்தி வையாதீர்கள்.